காண்டாமிருகத்துக்கு அஞ்சு லட்சம்

வா தம்பி, வா. வேப்பமரத்து நெழல்ல குந்து. பிஸ்கட் டப்பாவை ரெண்டு கையாலயும் அணைச்சிக்கிட்டு நீ வர்ற வரத்தைப் பாத்தாலே தெரியுது, உள்ள இருக்கிறது பிஸ்கட் இல்லன்னு. ஒங்க ஆயாவோட டிரங்குப் பொட்டியில கெடந்துச்சா? நல்லது. செல்போன்ல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துனானா, இந்தக் காசு ஒன் வீட்டுல இருந்தா நீ கோடீஸ்வரன்னு? ரொம்ப நல்லது. ஆடி பொறந்ததுலேருந்து நம்ம கோட்டக்குப்பத்துக் கோடீஸ்வரனுங்க நாலஞ்சு பேரு இந்தத் திண்ணைக்கு வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தனும் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கல.

நான் பெரிய படிப்பாளி இல்லப்பா. பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பன், அவ்வளவுதான். ஆனா சைக்கிள் கேரியர்ல தராசையும் கூடையையும் கட்டிக்கிட்டு, சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், வானூர், மரக்காணம்னு 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்'னு கூவிக்கிட்டுப் போனவன். ஓட்டைக் குண்டானைத் தூக்கிப் போடுற பொம்பளைங்க, முந்தானையில முடிஞ்சு வெச்ச செல்லாக்காசையும் தட்டுல போடுவாங்க. பித்தளையா, வெங்கலமா, வெள்ளியா, முலாமா, வெரல் சொல்லிடும். கொட்டு பாக்கலாம். மெதுவா கொட்டு, கோடி சிந்திடப் போவுது.

மொதல்ல அந்தக் காண்டாமிருகத்தை எடு. அதுக்குத்தானே வந்த? 25 பைசா. ஒரு பக்கம் மிருகம் நிக்குது, மறு பக்கம் சிங்கத்தூண். துருப்பிடிக்காத எவர்சில்வர். 1988-லேருந்து 2002 வரைக்கும் கோடிக்கணக்குல அடிச்சி ஊரெல்லாம் வாரி எறைச்ச காசு. மளிகைக்கடையில மீதி குடுக்க இது இல்லாதப்போ மிட்டாய் குடுத்தான், இருக்கும்போது நீ வேணாம்னு சொன்ன. 2011 ஜூன் 30-ம் தேதியோட 25 பைசாவும் அதுக்குக் கீழ இருக்கிற எல்லாக் காசும் செல்லாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சி. வீட்டுக்கு வீடு அலமாரி மூலையில கெடக்குது. இதுக்கு அஞ்சு லட்சம் தர்றதுக்கு ஒருத்தன் துடிக்கிறான்னா, அவன் இந்த ஊர் ஒண்ணுல மூட்டை கட்டினாலே போதும், அப்புறம் ஏன் தேடி அலையுறான்?

சரி, அவன் தர்றான்னே வெச்சிக்க. போட்டோ அனுப்பச் சொல்லுவான். அனுப்புவ. 'அருமை சார், ரேர் காயின் சார்'னுவான். ஒனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் போயிடும். மறுநாள் காலையில பதிவுக் கட்டணம்னு கொஞ்சம் கேப்பான், ஜிபேல போடுவ. சாயங்காலம் ஜிஎஸ்டின்னுவான். போடுவ. அதுக்கடுத்து ரிசர்வ் பேங்க் முத்திரை குத்தின ஒரு காயிதம் வாட்ஸ்அப்புல வரும், அந்த முத்திரைக்கு ஒரு கட்டணம். காசை வாங்குறவன்தான் காசு குடுக்கணும்னு பால்வாடிப் புள்ளைக்கும் தெரியும். ஒனக்கு மட்டும் அந்த மூணு நாளும் தெரியாது. 2021 ஆகஸ்ட்டுல ரிசர்வ் பேங்க்கே அறிக்கை விட்டுச்சி: பழைய நோட்டு, காசு வாங்கி விக்கிற யாவாரம் எங்களுக்குக் கெடையாது, எங்க பேரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரின்னு கேட்டா நம்பாதீங்கன்னு. அது சின்ன அறிக்கை. நீ பாத்தது பாட்டு போட்ட வீடியோ. எது ஜெயிக்கும்?

அவ்வளவு ஆசையா இருந்தா நானே வாங்கிக்கிறன். அஞ்சு லட்சம் என்ன, ஆறு தர்றன். பதிவுக் கட்டணம் ஐநூறு ரூபாயை இப்பவே கீழ வை.

வெக்க மாட்டியா? பொழச்சிக்கிட்ட.

விலைன்னா என்னன்னு ஒனக்கு எவனும் சொல்லிக் குடுக்கல. என் கிழட்டு ஆட்டுக் கழுத்துல பத்து லட்சம்னு அட்டை எழுதி மாட்டலாம். எந்தச் சட்டமும் தடுக்காது. சாயங்காலம் ஆடும் நானும் வீட்டுக்குத் திரும்பி வருவோம். நீ செல்போன்ல பாத்த விலையெல்லாம் ஆட்டுக் கழுத்து அட்டை. ஒருத்தன் கேட்ட விலை வேற, ஒருத்தன் குடுத்த விலை வேற. குடுத்த விலையைத் தெரிஞ்சிக்கணும்னா ஏலம் முடிஞ்ச பட்டியலைப் பாக்கணும். பம்பாயிலயும் பெங்களூருலயும் காசு ஏலம் விடுற கம்பெனிங்க அதை அச்சடிச்சே வெளியிடுறாங்க, எந்தக் காசு, எந்த நெலமையில இருந்துச்சி, எவ்வளவுக்குப் போச்சின்னு. அதைப் பாத்தா நெஞ்சு வலிக்கும், அதனாலதான் யாரும் பாக்கிறதில்ல.

பழசுன்னா விலை வரும்னு இன்னொரு மயக்கம். இப்போ ராசராச சோழன் காசு. ஆயிரம் வருசத்துச் செப்புக்காசு. ஒரு பக்கம் ஒருத்தர் நிக்கிறாரு, மறு பக்கம் ஒருத்தர் குந்தியிருக்காரு, கையோரமா நாகரி எழுத்துல ஸ்ரீ ராஜராஜன்னு இருக்கும். பெரிய கோயில் கட்டுன ராசா! என்ன கெடைக்கும்னு நெனைக்கிற? தேஞ்சதா இருந்தா சில நூறு ரூபாய்க்குக் கெடைக்கும். ஏன்னா மகராசன் அடிச்சித் தள்ளிட்டாரு. தமிழ்நாட்டுலயும் எலங்கையிலயும் மண்ணைத் தோண்டுனா குவியல் குவியலா வருது. ஆனா 1939-ம் வருசத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபா இருக்குதே, அதுக்கு ஒங்க தாத்தா வயசுதான். நல்ல காசு, அசல்னா ஏலத்துல லட்சத்தைத் தாண்டிப் போயிருக்கு. பம்பாயில லட்சக்கணக்குல அடிச்சாங்க. சண்டை வந்துச்சி, ஜனங்க வெள்ளியைப் பதுக்க ஆரம்பிச்சாங்க, அரசாங்கம் வெள்ளியைப் பாதியா கொறைச்சிப் புதுக்காசு போட்டுது. அடிச்ச 39-ல பெரும்பாலானது உருக்குற அடுப்புக்குப் போச்சி. தப்பிப் பொழச்சது கொஞ்சம்.

அதான் கணக்கு. எத்தனை அடிச்சாங்கறது பாதிக் கேள்வி, எத்தனை மிஞ்சிச்சிங்கறது மீதிக் கேள்வி.

மிஞ்சுறதுலயும் ஒரு கூத்து கேளு. 1808-ன்னு போட்ட பத்து காசு, இருபது காசு செப்பு நாணயம் இருக்குது. கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராசுக்காக இங்கிலாந்துல, பர்மிங்காம்ல அடிச்சது. டன் கணக்குல ஏத்திக்கிட்டு 'அட்மிரல் கார்ட்னர்'னு ஒரு கப்பல் கெளம்புச்சி. 1809 ஜனவரியில அவங்க ஊர்க் கரையோரத்திலயே, குட்வின் மணல்திட்டுல மோதி முழுகிடுச்சி. நம்ம ஆளுங்க கைக்கு வந்து தேய வேண்டிய காசு நூத்தி எழுவது வருசத்துக்கு மேல உப்புத்தண்ணியில ஊறிக் கெடந்துச்சி. 1980-கள்ல முக்குளிச்சி எடுத்தாங்க. எடுத்தது கொஞ்சமா நஞ்சமா, கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சி. அதனால கப்பல் கதையோட வர்ற எரநூறு வருசத்துக் காசு ஒரு நல்ல வேட்டி விலைக்கு வெளிநாட்டுல கெடைக்குது. கதை பெருசா இருந்தா விலை பெருசா இருக்கும்னு எவன் சொன்னான்?

சரி, ஒன் டப்பாவுக்கு வர்றன். ஓட்டைக் காலணா. இது இல்லாத தமிழன் வீடு கெடையாது. 1943-லேருந்து 47 வரைக்கும், சண்டைக் காலத்துல செப்பை மிச்சம் புடிக்கிறதுக்காக நடுவுல ஓட்டை போட்டு அடிச்சது. அரைஞாண் கவுத்துல கோத்துக்கிட்டு வளந்தவன் நான். கிலோக் கணக்குல பாத்துட்டன். தூக்கி அந்தப் பக்கம் வை. காளைமாடு போட்ட அரையணா, ஒரணா, ரெண்டணா, 1950-க்கு மேல வந்தது. அதுவும் அந்தப் பக்கம். ஆறு பட்டை மூணு பைசா, அலுமினியம், ஊதுனா பறக்கும், அந்தப் பக்கம். நேரு மொகம் போட்ட 1964 ரூபா, இந்திரா அம்மா அஞ்சு ரூபா, செத்துப்போன தலைவருங்களுக்கெல்லாம் அடிச்ச காசு, அழகா இருக்குது, எல்லாம் அந்தப் பக்கம். எதுவும் குப்பை இல்ல தம்பி, அடிச்ச மெஷின்லேருந்து நேரா வந்து ஒரு கை படாம இருந்தா, அதையும் நாலு மடங்கு குடுத்து வாங்குறவன் இருக்கான். ஒங்க ஆயா கை படாத காசு இந்தப் பொட்டியில ஒண்ணு காட்டு பாக்கலாம்.

மஞ்சளா தாமரைப்பூ போட்ட 20 பைசாவா? அதுல தங்கம் இருக்குதுன்னு சொன்னாங்களா? எனக்கும் சொன்னாங்க. 1968-லேருந்து 71 வரைக்கும் வந்துச்சி. தங்கம் இருந்திருந்தா இந்தப் பேரீச்சம்பழக்காரன் எவன் கையில மாட்டியிருப்பான், இந்நேரம் பாண்டிச்சேரியில பீச்சாண்ட மாடி வீட்டுல இருந்திருப்பன். லட்சுமி பூசைக்கு நூத்தியெட்டு வேணும்னு வாங்குறாங்க, அந்தச் சில்லறை கிராக்கி உண்டு. அவ்வளவுதான்.

இப்பதான் கொஞ்சம் மரியாதையா பாக்கணும். ராசா தலை போட்ட ரூபா மூணு கெடக்குது. இந்தா, ஒடஞ்ச ரேடியோவுலேருந்து கழட்டுன காந்தம். வெச்சிப் பாரு. பாத்தியா, 1947 ரூபா லபக்குன்னு ஒட்டிக்கிச்சி! அது நிக்கல். புலி போட்டிருக்குது, கம்பீரமா இருக்குது, வெள்ளி ஒரு பொட்டு கெடையாது. இது 1944. ஒட்டல. வெளிம்பைத் திருப்பு. கோடு கோடா இருக்குதுல்ல, அதுக்கு நடுவுல ஒரு பள்ளம் ஓடுது பாரு. 1940-லேருந்து கள்ளக்காசு அடிக்கிறவனுக்குப் பயந்து போட்ட பள்ளம் அது. அந்தப் பள்ளம் இருந்தா பாதிதான் வெள்ளி. இந்தக் கறுத்தது அஞ்சாம் ஜார்ஜ், 1919. பழைய ராசா ரூபா 11.66 கிராம் நிக்கும், நூறுல 91.7 பங்கு வெள்ளி. கிட்டத்தட்ட பத்தே முக்கால் கிராம். இன்னிக்கி வெள்ளி விலை என்னன்னு நகைக்கடை வாசல்ல பாத்துக்க, பெருக்கிக்க. அதுக்குக் கீழ எவன் கேட்டாலும் டப்பாவை மூடிடு. மேல கேட்டா யோசி. 1919-ல கோடிக்கணக்குல அடிச்சாங்க, பெரிய ஆசை வெக்காத.

ஐயய்யோ, மேல காது வெச்சிப் பத்தியிருக்கே! கழுத்துல கோத்துப் போட்டிருக்காங்க ஒங்க ஆயா. அழகுதான். ஆனா பத்து வெச்ச காசைச் சேகரிக்கிறவன் தொட மாட்டான். இனிமே அது வெள்ளி, காசு இல்ல.

இதே அஞ்சாம் ஜார்ஜுக்கு 1911-ல ஒரு ரூபா வந்துச்சி, அது இருக்குதான்னு மட்டும் பாரு. ராசா போத்தியிருந்த அங்கியில சின்னதா ஒரு யானை. அச்சு வெட்டுனவன் தும்பிக்கையைக் கட்டையா வெட்டிப்புட்டான், அது பன்னின்னு ஊரெல்லாம் பேச்சாயிடுச்சி. நம்ம ஊரு பள்ளிவாசல் தெருவுல குடியிருக்கிற ஒனக்கு நான் சொல்லவா வேணும், எவன் அதை மடியில முடிஞ்சிப்பான்? வெள்ளக்காரனுக்கு 1857 சிப்பாய்க் கலகம் ஞாபகம் வந்திருக்கும். வெளிய விட்டது கொஞ்சம், பெரும்பாலானதை உருக்கிட்டு, அடுத்த வருசமே யானையைத் தும்பிக்கையோட ஒழுங்கா வெட்டி அடிச்சாங்க. 1911-ன்னா சில ஆயிரம் பேசலாம். இல்லையா? சரி, விடு. இருந்திருந்தா ஒங்க வீட்டுல எப்பவோ கடல்ல எறிஞ்சிருப்பாங்க.

இது என்னா இது, பளபளன்னு மின்னுது? விக்டோரியா காலணாவா? ஏண்டா தம்பி, எப்ப வெளக்குன? நேத்தா? எதைப் போட்டு வெளக்குன? புளியும் சாம்பலுமா! சபாஷ். பல்பொடியும் போட்டுத் தேச்சியா? பலே. இங்க வா, வெய்யிலுக்குக் காட்டு. ராணி கன்னத்துல குறுக்கும் நெடுக்கும் கீறல் ஓடுதா? ஜடையில முடி ஒண்ணாவது தனியா தெரியுதா? எழுத்துக்கு அடியில வெள்ளையா ஒட்டியிருக்குதே, அது ஒன் பல்பொடி. செப்பு நூறு வருசத்துக்கு மேல மெல்ல மெல்ல ஒரு காப்பிக்கலர் தோலு வளத்துச்சி. நீ ஒரு சாயங்காலத்துல உரிச்சிட்ட. அந்தத் தோலுக்குத்தான் விலை. விக்டோரியா ராணின்னு இருந்தா 1876 வரைக்கும், சக்கரவர்த்தினின்னு இருந்தா 77-க்கு மேல. ஆளு ஒருத்திதான், பட்டம் மாறிச்சி. இது சக்கரவர்த்தினி. நேத்து வந்திருந்தா நாலு பேருகிட்ட காட்டியிருக்கலாம். இன்னிக்கி ஒங்க ஆயா குத்துவிளக்குக்குப் பக்கத்துல வை, மேட்ச்சா இருக்கும்.

சுத்தம் பண்ணவே கூடாதான்னு கேப்ப. தினமலர் ஆசிரியரா இருந்தாரே இரா. கிருஷ்ணமூர்த்தி, அவரு மதுரையில வாங்குன பழங்காசுல ஒண்ணை சுத்தம் பண்ணிப் பாத்துதான் பெருவழுதின்னு பிராமி எழுத்துல பாண்டியன் பேரு இருக்கிறதைக் கண்டுபுடிச்சாரு. சங்க காலத்துக் காசு! ஆனா அவரு லென்சு வெச்சி, மருந்து தெரிஞ்சி, பல்லைக் கடிச்சிப் பொறுமையா பண்ணவரு. ஒன் கையில இருந்தது கோபால் பல்பொடி. மண்ணு ஒட்டியிருந்தா நல்ல தண்ணியில முக்கி எடு, பருத்தித் துணியில ஒத்தி எடு. தேய்க்காத. ரெண்டு வெரலால வெளிம்பைப் புடி, மொகத்துல கை வெக்காத. காய்கறி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெக்காத, நம்ம கடக்கரை உப்புக்காத்துக்கு உள்ள வேர்த்து பச்சைப் பச்சையா பூத்துக்கும்.

அடடே, இது யாரு? ராமர், சீதை, லட்சுமணன், அனுமாரு! பின்னாடி ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரையணா, 1818! இதை ஆயா பொட்டியிலேருந்து எடுத்தியா, இல்ல எவனாச்சும் வித்தானா? கம்பெனிக்காரன் கப்பலேறி வந்தது மொளகுக்கும் துணிக்கும். அவன் அனுமாருக்குக் காசு அடிப்பானா? கோயில் வாசல்ல விக்கிற வில்லை இது. 1616-ன்னு போட்டதெல்லாம் பாத்திருக்கன், அவன் மெட்ராசுல கோட்டை கட்டுறதுக்கு முன்னாலயே காலணா அடிச்சிட்டானாம். இதைத்தான் அரிசி இழுக்கும், இரிடியம் இருக்குது, விஞ்ஞானிங்க வந்து சோதிப்பாங்க, கோடிக்கணக்குல வெளிநாட்டுக்கு விக்கலாம்னு சொல்லி நெலத்தை வித்தவன்கிட்ட வாங்குறாங்க. ரைஸ் புல்லிங்! சோத்துப்பானையிலேருந்து என் கை இழுக்கிற அரிசியைவிட அதிகமா இழுக்கிற காசை நான் பாக்கல. சாமிக்கிட்ட வை, கும்பிடு, தப்பில்ல.

786-ல முடியுற நோட்டா? நம்பிக்கைக்கு வெச்சிருக்கிறவங்க வெச்சிக்கட்டும், அதுக்காகக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கிறவங்களும் இருக்காங்க. லட்சம் குடுத்தவரை இந்தத் தெருவுலயே யாரும் பாக்கல. வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012 காசும் இதே பாட்டுதான். ஒண்ணு வேணா செய்யி, வருசத்துக்குக் கீழ என்னா அடையாளம் இருக்குதுன்னு பாக்கப் பழகு. டைமண்டு இருந்தா பம்பாய், நட்சத்திரம் இருந்தா ஐதராபாத், புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணும் இல்லன்னா கல்கத்தா. ஒரே வருசத்துல ஒரு ஊர்க் காசு தெருவெல்லாம் கெடக்கும், இன்னொரு ஊர்க் காசு தேடணும். சேகரிக்கிறவனுங்க பைத்தியம் புடிச்சி அலையுறது இந்தப் புள்ளிக்குத்தான், காண்டாமிருகத்துக்கு இல்ல.

அப்புறம் இந்த சின்னப் பை. ம்ம்... பிராங்கு! இதுதான் நம்ம பக்கத்து விசேசம். திண்டிவனம் தாண்டுனா இது எவனுக்கும் தெரியாது. ஒங்க பெரிய தாத்தா சொல்தாவா இருந்தாருல்ல? பிரெஞ்சுப் பட்டாளம், பிரெஞ்சுப் பென்சன். லீவுக்கு வந்தவங்க பாக்கெட்டுல மிஞ்சுனதெல்லாம் இந்தப் பையில. பாரிசுக்கு எழுதி மாத்திக்கலாம்னு நெனைக்காத. 2002-ல யூரோ வந்துச்சி. அவங்க பேங்க்குல பிராங்குக் காசை 2005 பிப்ரவரி 17 வரைக்கும் வாங்குனாங்க, நோட்டை 2012 பிப்ரவரி 17 வரைக்கும். அதோட கதவைச் சாத்திட்டாங்க. ஒங்க வீட்டுல அதுவரைக்கும் 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பாங்க.

ஆனா பையைக் கவுத்துடாத. அஞ்சு பிராங்கைத் தனியா பொறுக்கு. வெதை தூவிக்கிட்டு ஒரு பொம்பளை நடந்து போறா பாரு, பாவாடை காத்துல பறக்குது. வருசம் என்ன? 1974-ஆ, அந்தப் பக்கம். 1962? இங்க குடு. 1960-லேருந்து 69 வரைக்கும் வந்த அஞ்சு பிராங்கு வெள்ளி. 12 கிராம், நூறுல எம்பத்தி மூணரை பங்கு. அதே பொம்பளை, அதே பாவாடை, 1970-லேருந்து வெள்ளி இல்ல. பெருசா, கனமா, மூணு பேரு சேந்து நிக்கிற பத்து பிராங்கு இருந்தா, 1965-லேருந்து 73 வரைக்கும், அது 25 கிராம், நூறுல தொண்ணூறு வெள்ளி. சைகோன்ல வேலை பாத்தவங்க வீடா இருந்தா பியாஸ்தர் இருக்கும், பெரிய வெள்ளி. அதுல கள்ளமும் நெறைய உண்டு, எடை போடாம பேசாத. பிரெஞ்சு இந்தியாவுக்குன்னு பாங்க் தெ லிந்தோஷின் அச்சடிச்ச ரூபா நோட்டு எதாவது பழைய பத்திரத்துக்கு நடுவுல மடிஞ்சி கெடந்தா, என்கிட்டகூட காட்டாத. நேரா பெரிய ஏலக்காரன்கிட்ட போ. என்னை நம்புறதுக்கு நான் என்னா ரிசர்வ் பேங்க்கா?

விக்கப் போனா எப்படிப் போவணும்னு கேளு. மூணு பேருகிட்ட போ, ஒருத்தன் சொன்ன விலையை இன்னொருத்தன்கிட்ட சொல்லாத. மெட்ராசுல காசுக் கண்காட்சி நடக்கும்போது போனா ஒரே கூரையில பத்து யாவாரியைப் பாக்கலாம். அவன் பட்டியல்ல இருக்கிற விலைக்கு வாங்க மாட்டான், பாதிக்குக் கேப்பான். கோவப்படாத, அவன் கடைக்கு வாடகை குடுக்கணும். ஆனா ஒண்ணை மட்டும் கவனி. யாவாரி எதைக் கையில எடுத்து 'ஆகா'ன்னு புகழுறானோ, அதை அவன் வாங்கப்போறது இல்ல. எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டு, போற போக்குல ஒண்ணை ஓரமா தள்ளி, 'இதுவும் கெடக்கட்டும்'பான் பாரு, அதுலதான் அவன் கண்ணு. நான் அப்படித்தான் எத்தனையோ வெங்கலக் கும்பாவை வாங்கியிருக்கன்.

பாரிசுல இருக்கிற ஒன் மச்சான் கேக்குறான்னு சூட்கேஸ்ல போட்டு அனுப்பிடாத. நூறு வருசத்துக்கு மேல போன காசு தொல்பொருள், 1972 சட்டம் இருக்குது, ஏர்போர்ட்டுல புடிச்சா அந்தக் காலணாவுக்கு வக்கீல் வெக்கணும். கடக்கால் தோண்டும்போது பானை வந்தா அதுவும் ஒன்னுது இல்ல, பத்து ரூபாய்க்கு மேல போற பொதையலைக் கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878-லயே வெள்ளக்காரன் சட்டம் போட்டு வெச்சிருக்கான். பத்து ரூபாங்கறது இன்னும் மாறல, அதுதான் தமாசு.

சரி, நேரமாவுது. அள்ளிக்க. வெள்ளியா இருக்கிறது தனி. மத்ததெல்லாம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க ஆவும். டப்பா அடியில ஏதோ கறுப்பா ஒட்டிக்கிட்டு கெடக்குதே, பாத்தியா? சட்டைப் பொத்தானா இருக்கும். தேஞ்சி போன செப்புத் துண்டு. தூக்கிப் போட்டுடப் போற, இங்க குடு, பேத்தி பாண்டி ஆடுறதுக்கு ஆவும்.

என்னா, கையை மூடிக்கிற? சிரிக்கிற? அட, கெட்டிக்காரப் பயலே!

சரி, தெற. மேல சூரியனுக்குச் சாய்ச்சிப் புடி. மூணு இதழா ஒரு பூ தெரியுதா? பிரெஞ்சு ராசாவோட லில்லிப்பூ. திருப்பு. தமிழ் எழுத்து. மேல புள்ளியெல்லாம் தேடாத, அந்தக் காலத்துல வெக்க மாட்டாங்க. 'புதுச்சேரி'ன்னு படிக்க முடியுதா? 1736-ல பிரெஞ்சு கவர்னர் துமா தொரை ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகிட்ட ரூபா அடிக்கிற உரிமையை வாங்குனாரு, அப்போ பாண்டிச்சேரிக்குன்னே டங்கசாலை நடந்துச்சி. வெள்ளியில பணம் அடிச்சாங்க, செப்புல இந்தத் துட்டு. நம்ம தெருவுலயே பொழங்குன சில்லறை இது, கத்திரிக்காய் வாங்குனது. லட்சம்லாம் கெடையாது, நெறைய இருக்குது. பூவு பாதி வெட்டுப்பட்டிருந்தா சில நூறு, பூவும் எழுத்தும் முழுசா நின்னா அதுக்கு மேல. சேவல் போட்டு 1836-ன்னு இருந்தா இன்னும் கொஞ்சம் நிமிந்து குந்தலாம். இதுல சேவல் இல்ல, பூதான். எழுத்து முக்கால்வாசி நிக்குது. புளி போடல, பல்பொடி போடல, ஒன் கண்ணுலயே படல, அதான் பொழச்சிருக்குது.

நூறு ரூபா தர்றன்.

தலையை ஆட்டாத. நூத்தம்பது. பேத்திக்குத்தான்டா கேக்குறன். சரி, எரநூறு, மேல ஒரு டீ.